இதயம் வலப்பக்கம்

டாக்டர் ஃபுல்வியோ அன்று திட்டவில்லை. மேனெகோவுக்கு முதுகு சில்லிட்டது அதனால்தான்.

மரக்கட்டையில் படம் செதுக்கிப் பதினோரு வருஷமாகப் பிழைக்கிறவன் மேனெகோ. கடைசி இரண்டு வருஷம் பொலோன்யா நகரத்தில், இந்த டாக்டருடைய உடற்கூற்றுப் புத்தகத்துக்காக. ஒரு நரம்பு மயிரிழை தடித்துவிட்டால் போதும், டாக்டர் கட்டையைத் தூக்கி அவன் தலையைக் குறிபார்ப்பார். ஒரு முறை விலா எலும்பு ஒன்று குறைந்துபோனபோது, அவன் அம்மாவின் நடத்தையை லத்தீனில் விசாரித்தார். அப்படிப்பட்ட மனிதர் இன்று அந்த அச்சுத்தாளைச் சாளரத்துப் பனிமூட்ட வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, பெண் பார்க்கப் போன வீட்டில் காட்டுகிற பொறுமையோடு நின்றார்.

தாளில் ஒரு மனிதன் குன்றின்மேல் நின்று, சட்டையைத் திறப்பதுபோலத் தன் மார்பைத் தானே திறந்து காட்டிக்கொண்டிருந்தான். உள்ளே எல்லாம் இருந்தன. இதயம் மட்டும் வலப்பக்கம். ஈரல் இடப்பக்கம். முழு மனிதனும் இடம் வலமாகத் திரும்பிக் கிடந்தான்.

கட்டையில் செதுக்கியது தாளில் மாறி விழும். அதனால் வரைந்த தாளைக் கட்டையின்மேல் முகம் கவிழ்த்து ஒட்டி, எண்ணெய் தேய்த்து, முதுகு வழியே தெரிகிற கோட்டின்மேல்தான் கத்தி ஓட்ட வேண்டும். தொழிலில் முதல் நாள் பாடம் அது. மேனெகோ நிமிர்த்தி ஒட்டிவிட்டான். டாக்டர் வெளியூர் போயிருந்த வாரத்தில் அச்சடித்து, மாதிரிக்கென்று பன்னிரண்டு தாள் பாதுவா நகரத்துப் பேராசிரியர்களுக்குப் போயும்விட்டது. இன்று காலை பதில் வந்திருந்தது. ‘பொலோன்யாவில் மனிதர்கள் கண்ணாடிக்குள்ளேதான் வசிக்கிறார்களா?’ என்று கேட்டிருந்தார்கள். ஊருக்கு ஊர் அந்த வரியைச் சொல்லிச் சிரிப்பதாகவும் கேள்வி.

“எப்பிடிடா நடந்துச்சு?” என்றார் டாக்டர், காய்ச்சல்காரனிடம் கேட்பதுபோல்.

“ரினியெரி முன்னாடியே மாத்தி வரைஞ்சிட்டான்னு நெனச்சேங்கய்யா. சில பேரு நமக்கு வேலை மிச்சமாகட்டும்னு அப்பிடி வரைஞ்சு குடுப்பாங்க. படத்துல இதயம் இடப்பக்கம் இருந்துச்சு. அதான் தாளை நிமித்தியே ஒட்டிட்டேன்.”

படம் வரைகிற ரினியெரி மூலையில் இருந்து கெக்கலித்தான். “இதயம் இடப்பக்கம்தான்டா இருக்கும், கழுதை! வேற எங்க இருக்கும், உன் கால்சராயிலயா?”

“எனக்கு இந்தப் பக்கம்தானே?” மேனெகோ வெள்ளந்தியாக வலது மார்பைத் தொட்டான். “சந்தேகமா இருந்துச்சு, கைய வச்சுப் பாத்தேன். இங்கதான் அடிக்குது. இத்தன நாளும் எலும்பும் சதையும்தான் செதுக்கினோம், நெஞ்சைத் தொறந்த படம் இதுதானே மொதல். சிலுவையில ஆண்டவருக்கு ஈட்டி பாஞ்சதும் வலப்பக்கம்தானே? ஒனக்கும் அதே எடத்துல குடுத்திருக்காருடான்னு எங்கம்மா சொல்லுவா.”

ரினியெரியின் சிரிப்பு பாதியில் நின்றது. பிசின் காய்ச்சுகிற சட்டி மட்டும் அடுப்பில் கொப்பளித்தது.

டாக்டர் தாளைக் கீழே வைத்தார். அவருடைய கை மேனெகோவின் சட்டைக்குள் நுழைந்தது. குளிர்ந்த கை. எவ்வளவு கழுவினாலும் போகாத காடியும் கிராம்பும் கலந்த வாடை. இடப்பக்கம் வைத்தார். வலப்பக்கம் வைத்தார். பிறகு, சந்தையில் முலாம்பழத்தைத் தட்டிப் பார்க்கிற மாதிரி, வலது மார்பில் இரண்டு விரலால் இரண்டு தட்டுத் தட்டி, காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நல்ல மதுவின் முதல் மிடறுக்குத்தான் அவர் அப்படிக் கண் மூடி மேனெகோ பார்த்திருக்கிறான்.

“நீ எந்த ஊருடா?”

“பெல்லூனோவுக்கு மேல, மலையிலங்கய்யா.”

“தூரமோ?”

“நடந்தா எட்டு நாளு.”

“எட்டு நாளு,” என்று டாக்டர் அதை வாய்க்குள் போட்டுச் சுவைத்தார். “சொந்தபந்தம்?”

“அம்மா போய்ச் சேந்துட்டா. யாருமில்ல.”

“நல்லது.”

கட்டையைத் திருத்தத் தொடங்கலாமா என்று மேனெகோ கேட்டான். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார் டாக்டர். போகும்போது அவன் கன்னத்தில் செல்லமாக ஒரு தட்டு. சாமான் முடிவாகிவிட்டது என்பதற்கு வியாபாரிகள் கை தட்டிக்கொள்கிறதில்லையா, அந்தத் தட்டு.

*

அதன்பிறகு டாக்டர் வீட்டிலிருந்து சாப்பாடு வரத் தொடங்கியது. முதலில் கொழுத்த சேவல், மறுநாள் எலும்புச் சாற்றில் மிதக்கிற மாவுருண்டை, அதற்கடுத்த நாள் ஒரு கம்பளி மேலங்கி. மேனெகோ குடியிருந்தது ஓர்சோலா என்கிற கைம்பெண்ணின் தொத்திறைச்சிக் கடைக்கு மேல்மாடி. எது வந்தாலும் அவளைத் தாண்டித்தான் ஏணி ஏற வேண்டும்.

“ஏ ராசா, ஒங்க டாக்டருக்கு ஒன்மேல காதலாடா? நானும் இருபது வருஷமா பன்னி வளக்கிறேன். இப்பிடி ஊட்டி வளக்கிறது எதுக்குன்னு எனக்கு நல்லாவே தெரியும்!” கத்தியை இடுப்புத்துணியில் துடைத்துக்கொண்டு அவள் சிரித்தாள். அவளோடு சேர்ந்து அவனும் சிரித்தான். சேவல் ருசியாகத்தான் இருந்தது.

டாக்டர் அவனை ஏணியில் ஏறாதே என்றார், விழுந்து எலும்பு முறியுமாம். மதுக்கடைச் சண்டைக்குப் போகாதே என்றார். லேசாக இருமினால் மருந்து அனுப்பினார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையை மேனெகோவும் சின்ன வயதில் கேட்டவன்தான். ஆனால் நனைகிற ஆட்டுக்கு ஒரு கம்பளியும் கிடைத்தால், அது ஓநாயைப் பற்றி எங்கே யோசிக்கப் போகிறது?

வெயிலே தெரியாத ஒரு முற்பகலில் இருவரும் தெருவோரத் தூண்வரிசைக்குள் நடந்துகொண்டிருந்தார்கள். பொலோன்யாவில் மழையில் நனையாமல், வெயிலில் காயாமல் ஊரையே சுற்றி வந்துவிடலாம். ஆனால் அந்தக் கூரைக்குக் கீழே ஒருவன் நடந்தால் மூன்று பேர் நடக்கிற சத்தம் கேட்கும். முன்னால் மணி ஒலித்தது. கூட்டம் விலகியது.

கறுப்பு முக்காடு போட்ட சகோதரர்கள் வந்தார்கள், தூக்குக்குப் போகிறவனுக்குத் துணைபோகிற சபைக்காரர்கள். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை வைத்த முக்காடு. நடுவில் கைகட்டப்பட்ட ஒரு செருப்பு தைப்பவன், தெற்கே எங்கோ இருந்து வந்தவன், கோயில் வெள்ளித்தட்டைத் திருடினவன். அவன் முகம் யாருக்கும் தெரியவில்லை. அவன் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் ஒரு சகோதரர், சிலுவையில் தொங்கும் ஆண்டவரின் படம் தீட்டிய பலகையைப் பிடித்துக்கொண்டே பின்னோக்கி நடந்தார். செருப்புக்காரன் தலையை இந்தப் பக்கம் திருப்பினால் பலகை இந்தப் பக்கம் வந்தது. அந்தப் பக்கம் திருப்பினால் அந்தப் பக்கம். சாகப்போகிறவன் கயிற்றைப் பார்த்து ஆண்டவரை மறந்துவிடக்கூடாது என்பது அந்தச் சகோதரர்களின் கருணை. தண்டனை எழுதிய நிமிஷத்திலிருந்து அவன் கண்ணுக்கு அந்தப் பலகையைத் தவிர வேறு எதுவும் கிடையாது.

“இத மட்டும் பாருப்பா,” என்று முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் தாலாட்டியது. “வேற எதையும் பாக்காத.”

டாக்டர் வேறு கவலையில் இருந்தார். “கயிறு கழுத்துச் சதையெல்லாம் நாசம் பண்ணிடுது. போன வருஷமே நீதிபதிகிட்ட சொன்னேன், மூச்ச மட்டும் நிறுத்துற மாதிரி மெதுவா ஏதாவது பண்ணக்கூடாதான்னு. கேட்டாத்தானே.”

“இவன் நமக்கா வர்றான் ஐயா?”

“ம். சட்டப்படி வர்றான். ஊருக்குள்ள பொறந்தவன அறுத்தா ஊர்க்காரன் கல்லெடுப்பான். முப்பது மைலுக்கு அந்தாண்ட பொறந்தவன்னா ஒரு நாயும் கேக்காது.”

எட்டு நாள், என்று மேனெகோவின் மனதுக்குள் ஏதோ சொன்னது. எதற்காக அது ஞாபகம் வந்தது என்று அவனுக்குப் புரியவில்லை. கம்பளிக்குள், வலப்பக்கத்தில், படபடவென்று அடித்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற டாக்டர், யாரோ கூப்பிட்டதுபோல, மெல்ல அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

*

மறுவாரம் டாக்டர் ஒரு வேடிக்கை வேலையோடு வந்தார். திருவிழாவுக்கு மாணவர்கள் சிரிக்க ஒரு படம் வேண்டுமாம். கரடி ஒன்று கோயில் உண்டியலில் கைவிட்டுத் தின்கிறது. கரடியின் தலையில் போப்பாண்டவர் அனுப்பிய ஆளுநருடைய சிவப்புத் தொப்பி.

“ஐயா, இது தலை போற வெளையாட்டு.”

“அட, நாப்பது தாளு அடிச்சு நாலு பேரு சிரிச்சுட்டுக் கிழிச்சுப் போடப்போறான். யாரு செதுக்கினதுன்னு எவனுக்குத் தெரியும்? வேற ஆளுகிட்டக் குடுக்கலாம்தான். ஆனா கரடி மயிர ஒன்ன மாதிரி எவன்டா செதுக்குவான்?”

அவ்வளவுதான். புகழ்ச்சிக்கு மேனெகோவிடம் பேரமே கிடையாது. இரண்டே நாளில் முடித்துக்கொடுத்தான். டாக்டர் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து மூலைமூலையாகப் பார்த்தார்.

“எல்லாம் பிரமாதம். நத்தை எங்கடா?”

மேனெகோ கட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். எந்தக் கட்டை செதுக்கினாலும் புல்லுக்கு நடுவே கடுகளவு ஒரு நத்தையை ஒளித்து வைப்பது அவன் வழக்கம். பேர் போட்டுக்கொள்ள உரிமை இல்லாத கூலிக்காரனுக்கு அதுதான் கையெழுத்து. உலகத்தில் யாருக்கும் தெரியாது என்று பதினோரு வருஷமாக நினைத்திருந்தான்.

“இதுல வேணாமேங்கய்யா...”

“என்னடா இது, பெத்த புள்ளைக்குப் பேரு வைக்க வேணாமா?” டாக்டர் அவன் தோளில் கைபோட்டார். காடி. கிராம்பு. “போடு. எனக்காகப் போடு.”

தலையில் தண்ணீர் பட்ட ஆடு மாதிரி மேனெகோ தலையை ஆட்டினான். கரடியின் பின்னங்காலுக்குக் கீழே, புல்லுக்குள், நத்தையைப் போட்டான். அழகாகவும் போட்டான்.

*

பத்து நாள் கழித்து, பனி கூரையைவிட்டு இறங்கித் தெருவில் உட்கார்ந்துவிட்ட ஒரு சாயங்காலம், ஓர்சோலா இறைச்சி கொத்திக்கொண்டே பேச்சைத் தொடங்கினாள். காதில் விழுந்ததையெல்லாம் எடை போட்டு விற்கிறவள் அவள். எடை எப்போதும் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

“கேட்டியா சேதி? ஆளுநர கரடியாக்கி எவனோ படம் போட்டு, தேவாலயத் தூணு பூராவும் ஒட்டிட்டானாம். அந்த மனுஷன் வெறி புடிச்சு நிக்குறாராம். விசாரணையெல்லாம் கெடையாது, தூக்குன்னு எழுதியே வச்சுட்டாராம். பேரு எழுதுற எடம் மட்டும்தான் காலியாம். அந்தப் படத்துல என்னவோ ஒரு பூச்சி இருக்குதாம்டா, அத வச்சு ஆளக் கண்டுபுடிச்சுடுவாங்களாம்.”

மேனெகோ ஏணியின் படியைப் பிடித்துக்கொண்டான்.

“அப்பறம் ஒங்க டாக்டரு! பாதுவாக்காரங்க மூக்க ஒடைக்கப் போறாராம்ல? நான் போட்ட படம் தப்பில்ல, நான் கண்ணால கண்டது, வாங்க, திருவிழா வாரத்துல எல்லாரு முன்னாடியும் காட்டுறேன்னு கடுதாசி போட்டுட்டாராம். அவங்களும் கெளம்பிட்டாங்களாம். நெஞ்சு வலப்பக்கம் இருக்குற ஆளுக்கு அவரு எங்கடா போவாரு? சந்தையில விக்குதா என்ன?” அவள் நிமிர்ந்தாள். “என்னடா? ஏன்டா இப்பிடி வெளுத்துட்ட? சேவல் தின்னு சேவல் தின்னு...”

அவள் கத்தி பலகைக்கு மேலே நின்றது. பன்றி வளர்க்கிறவளுக்குக் கணக்கு புரிய நேரமாகாது. அவள் சிரிக்கவில்லை.

“ஓடிடு,” என்றாள் மெதுவாக. “கோட்டை வாசல் மூடுற மணி இன்னும் அடிக்கல. ஓடிடுடா.”

ஓடினான். வாசலுக்கு ஓடியிருக்கலாம். ஆனால் அவன் மூளை இரண்டு வருஷம் அந்த டாக்டரோடு பழகிய மூளை, அதுவும் கணக்குத்தான் போட்டது. கரடிக் கட்டை பட்டறையில் இருக்கிறது. அவன் கத்திகளும் அங்கேதான். அந்தக் கட்டை கிடைத்தால் கத்தி போட்ட தடத்தையும் நத்தையையும் வைத்து எந்த ஊரிலும் அவனைப் பிடிப்பார்கள். எரித்துவிட்டால் சாட்சி கிடையாது. வாசலுக்குப் போகிற வழியில்தான் பட்டறை. நூறு எண்ணுவதற்குள் முடிந்துவிடும்.

தூண்வரிசைக்குள் அவன் காலடி மூன்றாகக் கேட்டது. நின்று பார்த்தான். இரண்டு நின்றன. ஒன்று, சற்றுத் தாமதமாக நின்றது.

*

பட்டறை திறந்திருந்தது. அடுப்பில் கங்கு. பிசின், ஆளிவிதை எண்ணெய், புகைக்கரி மையின் வாடை. இரண்டு வருஷமாக வீட்டு வாடையாகிப்போனது. கயிற்றில் காயப்போட்ட தாள்களில் தோலுரிந்த மனிதர்கள் காற்றே இல்லாமல் மெல்ல ஆடினார்கள். அலமாரியில் கட்டைகளைத் தடவினான். தொடை எலும்பு. முதுகெலும்பு. முழங்கை. கரடி இருந்த இடத்தில் தூசி ஒரு சதுரத்துக்கு மட்டும் இல்லை.

அவனுடைய மேசையின்மேல் மெழுகுவத்தி எரிந்தது.

யார் ஏற்றினார்கள்?

வத்திக்குக் கீழே எண்ணெய் பூசி வைத்த புதுப் பேரி மரக்கட்டை. அதன்மேல் ரினியெரி வரைந்த புதுப் படம், மையின் ஈரம்கூட முழுதாகக் காயவில்லை. புத்தகத்தின் முகப்புப் படம். வட்டமாகப் படிக்கட்டு, படிக்கட்டு நிறையத் தலைகள், கழுத்தை நீட்டிக்கொண்டு, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு. பாதுவாவின் உயரத் தொப்பிகள் முன்வரிசையில். நடுவில் மேசை. மேசைக்குப் பக்கத்தில் டாக்டர், கண்ணை மூடியபடி.

மேசையின்மேல் ஒருவன்.

இடது சுண்டுவிரலில் ஒரு கணு இல்லை.

மேனெகோ தன் இடது கையை வெளிச்சத்தில் பிடித்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் உளி கொண்டுபோன கணு. தாடையில் அதே தழும்பு. காதோரம் அதே சுழி. ரினியெரி நல்ல கலைஞன், அதில் குற்றம் சொல்ல முடியாது. எத்தனை நாளாக மூலையில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டு, வரைந்தான்? கழுத்தில் கயிற்றுத் தடம் இல்லை. நீதிபதி இந்தத் தடவை கேட்டிருக்கிறார். மார்பு, சட்டையைத் திறந்த மாதிரி திறந்து கிடந்தது. கண்கள் பாதிதான் மூடியிருந்தன.

மேசைக்காலுக்கு அருகே, தரையில், கடுகளவு ஒரு நத்தை.

தாளின் ஓரத்தில் டாக்டர் கையெழுத்து. கட்டைக்காரன் படிக்கத் தோதாக, இடம் வலமாக மாற்றியே எழுதியிருந்தார். அத்தனை அக்கறை.

‘அன்புள்ள மேனெகோ, இதை நீதான் செதுக்க வேண்டும். இந்த முறை சரியாக ஒட்டு. வியாழனுக்குள் முடி. பிறகு உன்னைப்போல் ஆள் கிடைக்காது.’

தூரத்தில் கோட்டை வாசல் மணி அடிக்கத் தொடங்கியது. ஒன்று. இரண்டு. கடைசி மணிக்குள் போய்விடலாம். ஓட வேண்டும். கால் நகரவில்லை. கை நகர்ந்தது. பதினோரு வருஷப் பழக்கம், பாவி. தாளை எடுத்தது. கவிழ்த்து ஒட்டுவதா, நிமிர்த்தி ஒட்டுவதா? இதயம் எந்தப் பக்கம்? அவன் இன்னொரு கை தானாகச் சட்டைக்குள் போய்த் தொட்டுப் பார்த்தது.

அடித்தது. வலப்பக்கம்.

மணி நின்றது.

வெளியே காலடிகள். ஒன்று. மூன்று. ஒன்பது. தூண்வரிசையில் எண்ண முடியாது. அவசரமில்லாத நடை. கதவுக்கு முன்னால் வந்து நின்றன. யாரும் தட்டவில்லை. யாரும் கூப்பிடவில்லை. பனி கதவிடுக்கில் மூக்கை நுழைத்தது.

மேனெகோ கத்தியைத் தேடினான். கத்திகள் இல்லை. பிசின் கிளறுகிற குச்சிதான் இருந்தது. எடுத்தான். பின்பக்கம் வழி கிடையாது. சாளரத்தில் கம்பி.

“ஐயா?” என்றான்.

கதவு திறந்தது.

வெளியே தெரு இல்லை. ஆள் இல்லை. பனி இல்லை. அவன் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் ஒரு பலகை. பலகையில் சிலுவை. புது வண்ணத்தில் ஆண்டவரின் விலாவில் ஈட்டிக் காயம், வலப்பக்கம், இரத்தம் நிதானமாக வழிந்தது. மேனெகோ இடப்பக்கம் தலையைத் திருப்பினான். பலகை இடப்பக்கம் வந்தது. வலப்பக்கம். வலப்பக்கம். குனிந்தான். அதுவும் குனிந்தது.

“இத மட்டும் பாருப்பா,” என்றது ஒரு குரல், அவ்வளவு அன்பாக. “வேற எதையும் பாக்காத.”

பலகைக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். காடி வாடை. கிராம்பு வாடை.

பலகைக்கு அடியிலிருந்து ஒரு கை வந்தது. அவசரமில்லாமல் கம்பளியின் பொத்தானைக் கழற்றியது. சட்டையை விலக்கியது. குளிர்ந்த இரண்டு விரல்கள் அவன் வலது மார்பில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, அங்கேயே தங்கின.